எங்கள் வாழை வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கு வணக்கம்.

திருவட்டார் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேளாண்மை நடத்தும் ஆசிரியர் நான். கைப்பேசியைத் துணையாக வைத்து வாழை விவசாயம் சொல்லிக்கொடுக்கலாம் என்று இந்த ஆண்டு தொடங்கினேன். பாடம் வகுப்பறையைத் தாண்டி விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போனது உங்களால்தான்.

முதல் நன்றி, தன் 40 சென்ட் விளையை எங்களுக்கு விட்டுத்தந்த பாட்டாவுக்கு. மஞ்சளாகிப்போன ஏத்தன் வாழை இலையைப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். நோய் சொல்லும் செயலி ஒன்று, இலைப்புள்ளி நோய் என்றது. நானும் நம்பிவிட்டேன். பாட்டா காய்ந்த சருகை விலக்கித் தண்டைக் காட்டினார். ஊசி குத்தியது போலச் சின்னத் துளைகள், அவற்றிலிருந்து பசை வடிந்திருந்தது. தண்டுக் கூன்வண்டு! “இலைய மட்டும் காட்டுனா அதுக்கு என்ன தெரியும், மக்கா?” என்றார். அப்புறம் ஒரே படத்தோடு நாங்கள் நிறுத்துவதில்லை. தூரிலிருந்து மேலே போய், கடைசியில்தான் இலை.

திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தாருக்கும் நன்றி. வாழைத்தண்டை நெடுக்காகப் பிளந்து, வெட்டுவாய் மண்ணைப் பார்க்கும்படி வைத்தால் வண்டு வந்து அடையும், பொறுக்கி அழிக்கலாம் என்று பிள்ளைகளுக்குப் பொறுமையாக விளக்கினார்கள்.

டீக்கடை அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்ல? ‘மேக்தூத்’ செயலியில் செவ்வாயும் வெள்ளியும் வரும் வானிலை ஆலோசனையை எங்கள் மாணவிகள் அவர் கடையில்தான் சத்தமாக வாசிக்கிறார்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயலில் குலையோடு வாழையைப் பறிகொடுத்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று என்ற சொல் வந்தாலே பேச்சு நின்றுவிடும். “இன்னொருக்கா வாசி, மோளே” என்பார்கள். வாழை சாயாமல் முட்டுக் கொடுக்க ஆள் சேர்ப்பதும் அங்கேயேதான்.

பழைய போன்களைக் கூலி வாங்காமல் பழுது பார்த்துத் தந்த கடைக்காரத் தம்பிக்கும் நன்றி.

இதை எழுத உட்கார்ந்ததே ரப்பர் பால் வெட்டப் போகும் அம்மாமாரை நினைத்துத்தான். விடியுமுன் இருட்டில் தோட்டத்துக்குப் போகிற உங்களுக்குப் போன் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் சனிக்கிழமைதோறும் அதைப் பிள்ளைகளிடம் விட்டுப் போனீர்கள். அந்தப் போன்களில் எடுத்த படங்களைத்தான் இன்று வகுப்பில் பாடமாகக் காட்டுகிறேன்.

பாட்டா, கண் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வாருங்கள். பிள்ளைகள் வைத்த மட்டி வாழைக் கன்றில் குலை தள்ளியிருக்கிறது. நீங்கள் வந்த பிறகுதான் வெட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்புடன்,
வேளாண்மை ஆசிரியர்