கிளுவை நின்ற இடம் எல்லை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியை நகர்த்திவிட்டால் உடனே கோர்ட்டுக்குப் போங்கள் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

மேலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் கிழக்குத் தோட்டத்துக்கும் நடுவே தாத்தா காலத்துக் கிளுவை வேலி. கிளுவை சும்மா நிற்காது. பக்கவாட்டில் பரவிப் பரவி நாலடி அகலப் புதராகிவிட்டது. பக்கத்துக்காரர் எனக்கு முறைக்கு மாமா. போன சித்திரையில் ஜேசிபி விட்டு அதை அள்ளிவிட்டு, எங்கள் பக்கத்து ஓரத்திலேயே கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துவிட்டார். கேட்டால், "கிளுவை நின்ன எடத்துலதான மாப்ள ஊண்டியிருக்கேன்" என்கிறார். அது பொய்யும் இல்லை! நான் போட்ட கணக்கில் மூன்றடி போச்சு. நீளம் 145 அடி. ஆக 435 சதுர அடி, ஏறக்குறைய ஒரு சென்ட். அன்று ராத்திரி தூக்கமில்லை. தம்பி கம்பியை அறுக்கக் கிளம்பிவிட்டான். அறுத்திருந்தால் ஸ்டேஷன் வாசலில் நாங்கள்தான் நின்றிருப்போம்.

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நான்குமாலில், அதாவது நாலு பக்க எல்லை சொல்லும் இடத்தில், 'கிழக்கே இன்னார் தோட்டம்' என்று இருக்கிறதே தவிர, எத்தனையாவது அடியில் என்று இல்லை. அந்த அளவு இருப்பது எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தில், இணையத்திலேயே கிடைக்கிறது. சரி என்று எல்லையை அளக்க மனுப் போட்டுப் பணம் கட்டினேன். மாமாவுக்கும் நோட்டீஸ் போனது.

சர்வேயர் வந்ததும் கேட்டது எல்லைக் கல்லைத்தான். வடகிழக்கு மூலைக் கல் டிராக்டர் உழவில் எப்போதோ போய்விட்டது. தென்கிழக்குக் கல் எங்கள் குப்பைமேட்டுக்கு அடியில், ஒன்றரை அடி ஆழத்தில், கடப்பாரை டங்கென்று பட்டபோதுதான் கிடைத்தது. வருடக்கணக்காக அதன்மேல் சாணி கொட்டியது நாங்களேதான். மற்ற கற்களிலிருந்து டேப் பிடித்து முடித்தால், வடக்குக் கோடியில் மாமா எங்களுக்குள் இரண்டடி வந்திருக்கிறார். தெற்குக் கோடியிலோ அவர் இடம் ஒரு அடி எங்கள் அனுபவத்தில்! அத்தனை நாள் சென்ட் கணக்குப் பேசிய வாயை மூடிக்கொண்டேன்.

தூணைப் பெயர்க்க மாட்டேன் என்று மாமா முரண்டு பிடித்திருந்தால் நானும் வக்கீலிடம்தான் போயிருப்பேன். 'நம்ம மாமாதானே' என்று பன்னிரண்டு வருடம் கேட்காமல் விட்டால், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தைக் காட்டி அனுபவப் பாத்தியதை, அதாவது 'இத்தனை வருடம் அனுபவித்தேன், இடம் எனக்குத்தான்' என்று பேச வழி உண்டாகிவிடும். ஆனால் கோர்ட்டுக்குப் போனாலும், எல்லைத் தகராறு என்றால் பெரும்பாலும் கோர்ட்டே நியமிக்கும் ஆணையரோடு சர்வேயரையும் அனுப்பி அளக்கத்தான் சொல்வார்கள். அந்த வாசகரின் நிலத்தில் கல் எங்கே இருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்தாரா?

தூண்களை மாமா மாற்றி நட்டுவிட்டார்; கூலி ஆளுக்குப் பாதி. தெற்கே நான் வைத்த முருங்கை அவர் பக்கம் போய்விட்டது. காய்த்தால் அத்தை கொடுத்துவிடுகிறார்.

இப்படிக்கு,
மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர்