இணையம் இல்லாமல் பில்ட் ஆகாத தொகுப்பு: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மென்பொருள் கருவியின் சோர்ஸ் தொகுப்பை (மூல நிரலை) 18,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியதே, பில்டுக்கு, அதாவது மூல நிரலை ஓடும் மென்பொருளாக்குவதற்கு, வேண்டிய அத்தனையும் கிட் ரெப்போ என்ற நிரல் களஞ்சியத்துக்குள் இருக்கும் என்று கொட்டேஷனில் நீங்கள் எழுதித் தந்ததால்தான். எங்கள் பில்ட் சர்வருக்கு இணையம் கிடையாது. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

பென்டிரைவில் தந்த கிட் பண்டிலை (ரெப்போவை ஒரே கோப்பாகக் கட்டியதை) திறந்தால் லைப்ரரிகள், அதாவது பில்டில் சேரவேண்டிய ஆயத்த நிரல் கோப்புகள், இருக்கவேண்டிய இடத்தில் எல்எஃப்எஸ் பாயிண்டர்கள் (பெரிய கோப்பு வேறிடத்தில் இருக்கிறது என்று காட்டும் குறிப்புகள்): ஆளுக்கு மூன்று வரி, 130 பைட் சொச்சம். நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் இவற்றை எப்படி ஏற்கும்? பண்டிலோடு எல்எஃப்எஸ் கோப்புகள் வராது. ‘கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச்’ கட்டளையை ‘ஆல்’ சேர்த்து ஓட்டி, அந்தக் கோப்புகளையும் தனியே நகலெடுத்துத் தரவேண்டும். இதையும் நாங்களா சொல்லித்தர வேண்டும்?

தொலைபேசியில் கேட்டதற்கு உங்கள் அலுவலர், “இவ்ளோ பெரிய ஃபைலை யாரு சார் கிட்ல போடுவாங்க? நெட்ட கனெக்ட் பண்ணி ஓட்டுங்க” என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டார். நீங்கள் காசு வாங்கியதே அதற்குத்தானே ஐயா! 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை என்பிஎம் என்ற இணைய நிரல் கிடங்கிலிருந்து எடுத்ததும் உலகெங்கும் பில்டுகள் நின்றுபோனது அவருக்குத் தெரியாதா?

உபி வட்டாரத்தில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. “ஆன்லைனில் டிக்கெட் போடுங்கள்” என்றார். போட்ட டிக்கெட்டுக்குப் பதில் இல்லாததால்தான் வந்தோம்!

பைத்தான் வீல்களும் (பைத்தான் மொழிக்கான ஆயத்த நிரல் பொதிகளும்) அப்படித்தான். யாரோ மேக் கணினியில் ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் அவற்றை இறக்கி அப்படியே கமிட் செய்திருக்கிறார்கள் (ரெப்போவில் சேர்த்திருக்கிறார்கள்); எங்கள் லினக்ஸில் ஏறவில்லை. இன்னொன்று, எழுதும்போதே எரிச்சல் வருகிறது: எந்தக் கோப்புகளைச் சேர்க்கக்கூடாது என்று சொல்லும் உங்கள் கிட்-இக்னோரில் ‘நட்சத்திரப் புள்ளி ஏ’ (.a என்று முடியும் எல்லாக் கோப்புகளும்) என்ற வரி இருப்பதால், அப்படி முடியும் இரண்டு ஸ்டாட்டிக் லைப்ரரிகள் கமிட்டே ஆகவில்லை. உங்கள் பொறியாளரின் கணினியில் அவை கிடப்பதால் அவருக்கு மட்டும் பில்ட் ஓடுகிறது.

தயவுசெய்து புதுக் கணினியில் ரெப்போவைப் புதிதாகக் குளோன் (நகல்) எடுத்து, முன்பு சேமித்த கேஷ் எதுவும் இல்லாமல், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு பில்ட் செய்து பாருங்கள். அதில் தேறிய தொகுப்பை, பில்ட் லாக்குடன், ஏழு வேலை நாள்களுக்குள் அனுப்புங்கள். பில்ட் ஓடாததால் எங்கள் தொழிலே படுத்துவிட்டது. முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் பார்த்துக்கொள்வோம். தொகை அங்குள்ள 20,000 வெள்ளி வரம்புக்குள்தான் வருகிறது.

பதிலை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பவும். அந்த அலுவலரைப் பேசவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பில்ட் குழுவினர்