மஞ்சள்தானே என்று விட்டுவிடலாமா?

ஐயா,

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு குறித்த தங்கள் தலையங்கம், அறுவைக்குப் பின் ஐந்து, பத்து ஆண்டுகள் ஹார்மோன் சிகிச்சை மாத்திரை விழுங்கும் பெண்களை மறந்துவிட்டது. அத்தகைய ஹார்மோன் சிகிச்சை மாத்திரையான தமாக்சிஃபென் எடுத்துவந்த என் அக்கா, மூட்டுவலிக்கென்று யாரோ சொன்ன, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையை எட்டு மாதம் உட்கொண்டார். ‘மஞ்சள்தானே’ என்று நாங்களும் இருந்துவிட்டோம். இத்தகைய மாத்திரை, தமாக்சிஃபெனிலிருந்து உடலில் உருவாகும் எண்டாக்சிஃபென் அளவைக் குறைப்பதை 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. மருந்தின் பலனில் பெரும்பங்கு அந்த எண்டாக்சிஃபெனுக்குத்தான். குழம்பில் இடும் மஞ்சள் வேறு, செறிவாக்கிய மாத்திரை வேறு.

நோயாளி உட்கொள்ளும் மூலிகை, சத்து மாத்திரைகளை ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் கேட்டறிந்து சிகிச்சை அட்டையில் எழுதுவதை மருத்துவமனைகள் கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகி, மதுரை