டீக்கடை மாமாவுக்கும், எங்களைத் தாங்கிய எல்லோருக்கும்

கோரையாற்றங்கரை உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அம்மா போனில் சொல்லச் சொல்ல எனக்குப் பேச்சே வரவில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதலில், நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாமா. ரத்த உறவு கிடையாது, ஊர் முறைக்கு மாமா. அப்பாவைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது எங்கள் சம்பா நெல் களத்தில் குவிந்து கிடந்தது. டோக்கன் வாங்கியாச்சு, முறை வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில். அந்த நேரம் பார்த்துத் தை மாதத்தில் மழை. எங்கள் தார்ப்பாய் பாதிக் குவியலுக்குக்கூடக் காணாது. மாமா தன் கடை வாசலில் பந்தலாகக் கட்டியிருந்த படுதாவை அவிழ்த்துக் கொண்டுபோய் மீதி நெல்லை மூடியிருக்கிறார். மழை விடும்வரை அவர் கடையில் ஒதுங்கி நின்று டீ குடிக்க இடமில்லை, வியாபாரமும் இல்லை. அதோடு விடவில்லை. வெயில் தலைகாட்டிய போதெல்லாம் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிவிட்டிருக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைக் கொள்முதலில் எடுக்க வைக்க என்ன பாடு என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் நெல் தாண்டவில்லை. கணக்கில் ஏறிய அந்தப் பணத்தில்தான் ஸ்கேனும் மருந்தும் நடந்தன.

நான் அனுப்ப முடிந்தது மிகக் கொஞ்சம். அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்கும் பெண் இருக்கிற வீட்டுக்கு என்ன குறை என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் வகுப்பெடுப்பதற்குச் சம்பளமாக எனக்கு வரும் உதவித்தொகை வருஷத்தில் ஒன்பது மாதத்துக்கு மட்டும். ஜனவரியில் செமஸ்டர் தொடங்கியதும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும், சம்பளமோ மாதக் கடைசியில். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. அந்த 20 மணி நேரமும் வகுப்பெடுப்பதிலேயே போய்விடுகிறது. அனுமதியில்லாமல் வெளியே ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினால்கூடப் படிப்புக்கே ஆபத்து. அப்பா படுத்துக் கிடக்கும்போது, உடம்பில் வலு இருந்தும் கூடுதலாக ஒரு டாலர் சம்பாதிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. ஊரில் கடன் கேட்கவும் அம்மாவுக்கு வாய் வரவில்லை. "பொண்ணுதான் டாலர்ல சம்பாதிக்குதே" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். மாமா அந்தக் கணக்கையே பார்க்கவில்லை. நெல் நனைகிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

படுதா கிழிந்துவிட்டதாம். புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். "அப்பா வந்து கடையில உட்காரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார். மாமா, புதுப் படுதா வந்தே தீரும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

நகையை மாற்றி அடகு வைக்க அம்மாவோடு அலைந்த சித்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரியெல்லாம் படுத்திருந்த பெரியப்பா மகன், ரத்தம் கொடுத்த தம்பிகள், என் பங்கு வாடகையைக் கேட்காமலே கட்டிய அறைத்தோழிகள், என் வகுப்புகளைச் சேர்த்து எடுத்த சக மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. உங்கள் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவேன்.

அப்புறம் ஒன்று. நம் பக்கத்திலிருந்து மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும் தம்பி தங்கைகளே, சேர்க்கைக் கடிதம் வந்ததும் என்னைக் கூப்பிடுங்கள். எத்தனை மாதத்துக்குச் சம்பளம், கோடையில் என்ன செய்வது, கட்டணம் போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம். உங்கள் அப்பா அம்மாவிடமும் நானே பேசுகிறேன். ராத்திரி எந்நேரமானாலும் சரி, அப்போது இங்கே பகல்தான்.