சுருண்டதெல்லாம் அம்மோனைட் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், வழுதாவூர்ப் பக்கம் கிணறு தோண்டும்போது கிடைத்ததாகச் சொல்லி, ஒரு சுருள் ஓட்டின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே ‘அம்மோனைட்’ என்று எழுதியிருந்தீர்கள். படம் நல்ல தெளிவு. தெளிவாக இருந்ததால்தான் சொல்கிறேன், அது அம்மோனைட் இல்லை, நாட்டிலாய்டு. இரண்டுமே கணவாயின் உறவான, ஓடுள்ள கடல் பிராணிகள்; கிடைப்பது அவை கல்லாகிப்போன படிவம். நான் கடலூரில் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் நடத்தியவன் இல்லை. ஸ்பெசிமன்களைத் துடைத்து, எண் எழுதி, செய்முறைத் தேர்வன்று மேசைமேல் எடுத்து வைப்பது என் வேலை. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான். சில பேராசிரியர்கள் வேண்டுமென்றே அப்படி வைக்கச் சொல்வார்கள்.

சுருளை வைத்து முடிவு கட்ட முடியாது. பாண்டிச்சேரிப் பாறைகளிலிருந்தே பாகுலைட்ஸ் என்று ஒன்று கிடைத்திருக்கிறது. குச்சிபோல நேராக இருக்கும், ஆனால் அது அம்மோனைட் கூட்டத்தைச் சேர்ந்தது. நாட்டிலாய்டுகளிலும் பழைய காலத்தில் நேராக நீண்டவை ஏராளம், அப்புறம்தான் பல கிளைகள் சுருண்டன. ஆகவே பார்க்க வேண்டியது வெளிவடிவத்தை அல்ல, உள் அமைப்பை.

இந்த ஓடுகள் உள்ளே அறை அறையாகத் தடுக்கப்பட்டவை. பிராணி கடைசி அறையில் மட்டும் வாழும். வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு தடுப்பை எழுப்பிக்கொள்ளும். அந்தத் தடுப்பு வெளிச்சுவரைத் தொடும் இடம்தான் சூச்சர் கோடு. ஓடு கரைந்துபோய், உள்ளே இறுகிய சேறு மட்டும் கல்லாக நின்றால் இந்தக் கோடு மேலேயே தெரியும். அம்மோனைட்டில் அது சிக்குக் கோலம் மாதிரி மடிந்து மடிந்து ஓடும். நாட்டிலாய்டில் நேராகவோ லேசான வளைவாகவோ ஒரே இழுப்பில் போகும். உங்கள் படத்தில் இருப்பது இந்த இரண்டாவது வகை. கோடுகளை எண்ணக்கூட முடிகிறது.

இன்னொரு அடையாளம் சைபங்கிள். எல்லாத் தடுப்புகளையும் துளைத்துக்கொண்டு முதல் அறை வரை போகும் குழாய் அது. புது அறையில் இருக்கும் நீரை இந்தக் குழாயின் திசுதான் மெல்ல உறிஞ்சி வெளியேற்றும். அந்த இடத்தில் வாயு சேரும். கனமான ஓட்டோடு பிராணி மூழ்கிவிடாமல் மிதப்பது அதனால்தான். அம்மோனைட்டில் இந்தக் குழாய் சுருளின் வெளி விளிம்பை ஒட்டி ஓடும் (மிகப் பழைய டெவோனியன் காலத்துக் கிளைமீனியா என்ற வகை விதிவிலக்கு, நம் பக்கப் பாறைகளுக்கு அந்தக் கவலை இல்லை). நாட்டிலாய்டில் பெரும்பாலும் தடுப்பின் நடுப்பகுதியில் இருக்கும். கல் ஒரு தடுப்பில் சரியாக உடைந்திருந்தால் வாய்ப்பக்கம் பார்த்துக் குழிந்த பரப்பும் அதில் ஓர் ஓட்டையும் தெரியும். அது தெரிந்துவிட்டால் அப்புறம் வாதமே இல்லை.

சிக்கல் வருவது ஓடு கரையாமல் அப்படியே இருக்கும்போது. சைமட்டோசெராஸ் என்ற நாட்டிலாய்டின் மேல் வரி வரியாக மேடுகள் இருக்கும். அம்மோனைட்டுக்குத்தான் வரிகள் என்று பழகிய கண் ஏமாந்துவிடும். வெளி விளிம்பில் அந்த வரிகள் பின்னோக்கி வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். நீரைப் பீய்ச்சும் குழல் வெளியே வர ஓட்டின் வாயில் ஒரு வெட்டு உண்டு, வளைவு அதன் சுவடு. யூட்ரெஃபோசெராஸ் என்ற இன்னொரு நாட்டிலாய்டு வழுவழுவென்று உருண்டையாக இருக்கும், சூச்சர் ஏறக்குறைய நேர்கோடு. ஹெர்கோகிளாசாவில் பக்கவாட்டில் ஆழமாக வளையும். அட்டூரியாவில் அந்த வளைவு கூராகிக் குத்தும், சைபங்கிள் குழாயும் உள்விளிம்புக்கு ஒதுங்கிவிடும். இவற்றைத் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிப்பதற்கு ஆதாரமே இந்த வரி, கோடு, குழாய்தான். எல்லாம் நாட்டிலிடா என்ற வரிசைக்குள் அடங்கும். இன்று பசிபிக் பக்கம் வாழும் நாட்டிலஸும் அதே வரிசை. அம்மோனைட்டோ உறவுமுறையில் நாட்டிலஸைவிட நம் துறைமுகத்தில் கூறு போட்டு விற்கும் கணவாய்க்குத்தான் நெருக்கம்!

பெயர் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த வட்டாரத்துக்கு அது முக்கியம். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இருவர் இங்கே சேகரித்த படிவங்களை 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் லண்டனில் விவரித்தார். அம்மோனைட்டுகளுக்கு இந்திரா, சூர்யா என்றெல்லாம் நம் சாமி பெயர்களை வைத்தவர் அவர். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1861-இல் தொல்லுயிர் நூல் வரிசையைத் தொடங்கியபோது, பிளான்ஃபோர்ட் எழுதிய முதல் பகுதியே தென்னிந்தியாவின் பெலம்னைட்டுகளையும் (கணவாயின் உறவான, தோட்டா வடிவப் படிவங்கள்) நாட்டிலாய்டுகளையும் பற்றியதுதான். அம்மோனைட்டுகள் அதற்குப் பிறகு அதே துறையின் ஸ்டோலிட்ச்காவின் கைக்குப் போயின.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் போய்விட்டன. நாட்டிலாய்டுகள் தப்பின. அரியலூர்ப் பக்கம் நினியூர்ப் பாறைகள் அந்த அழிவுக்குப் பிந்தியவை, அவற்றில் நாட்டிலாய்டு உண்டு. பாண்டிச்சேரிப் பக்கத்திலும் கீழே வழுதாவூர்ப் படிவுகள், மேலே கரசூர்ப் படிவுகள் என்று அந்த அழிவுக்கு முந்தியதும் பிந்தியதும் இருக்கிறது. கரசூரில் கிடைத்த நாட்டிலாய்டை நீங்கள் அம்மோனைட் என்று அச்சடித்தால், செத்துப்போன கூட்டத்தை உயிரோடு எழுப்பியதாகிவிடும். தப்பியதற்குக் காரணமாகப் பலரும் சொல்வது முட்டையை. நாட்டிலஸ் பெரிய முட்டை இடும். குஞ்சு வரக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு ஆகும், வரும்போதே ஓடு சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். அம்மோனைட் குஞ்சோ மில்லிமீட்டர் அளவு, கடலின் மேல்மட்ட மிதவையுயிர்களை நம்பியது. மேல்மட்டம் பட்டினியானபோது அது தாக்குப்பிடிக்கவில்லை என்கிறார்கள். எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கடலூர்ப் பக்கத்துக் கேப்பர் மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே இருப்பது கடலூர் மணற்கல், காலத்தால் மிகப் பிந்தியது. அந்த வகைப் பாறையில் திருவக்கரையில் கல்மரம் இருக்கிறது, நாட்டிலாய்டைத் தேடி அலைவது வீண்.

அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது பக்கவாட்டுப் படத்தோடு விளிம்புப் படமும் உடைந்த முகத்தின் படமும் சேர்த்துப் போடுங்கள். அளவு தெரிய ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும். கல்லை வைத்திருப்பவருக்கும் தயவுசெய்து சொல்லுங்கள்: பளபளப்புக்காக வார்னிஷ் அடிக்க வேண்டாம். கிணற்றில் எத்தனை அடி ஆழத்தில், எந்த நிற மண்ணில் கிடைத்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கல்லோடு வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.