கச்சானில் ஓட வரும் மகளுக்கு

அன்புள்ள மகள்,

ஆடி மாத லீவுக்கு வரும்போது விண்ட்சர்ஃபிங் பாய்ப்பலகையையும் கொண்டுவருகிறேன், பாசிக்குடாவில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு ஓடிப் பார்க்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சரியான சந்தோஷம். கட்டாயம் கொண்டுவா. ஆனால் பாசிக்குடா வேண்டாம், பிள்ளை.

இங்கிலாந்தில் நீ ஓடும் போர்ட்லண்ட் துறைமுகத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். 1972 இலேயே அங்கே வேகப் போட்டி தொடங்கிவிட்டதாமே. தென்மேற்குக் காற்று செசில் என்ற கூழாங்கல் திட்டைத் தாண்டி வருகிறது. அந்தப் பக்கம் கடல் குமுறிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் கரையோரத்தில் அலை எழும்ப இடமே இல்லை. காற்று முழுதாக வேண்டும், தண்ணீர் தட்டையாக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் கஷ்டம்.

அதற்காகத்தான் நமீபியாவில், லூடரிட்ஸ் என்ற ஊரில், வாய்க்காலே வெட்டியிருக்கிறார்கள். 2015 இல் அந்துவான் அல்போ என்ற பாய்ப்பலகை வீரர் அங்கே 500 மீற்றரைச் சராசரி 53.27 நொட்டில் ஓடினார். அதாவது மணிக்கு 98 கிலோமீற்றருக்கு மேல். ஓடி முடிக்க 18 செக்கன் சொச்சம். பெண்களில், 2017 இல் ஸாரா டேவிஸ் அதே ஊரில் 46.49 நொட் ஓடினார். இதைப் பட்டறையில் சொன்னபோது ஒருவர், "வாய்க்கால் வெட்டி ஓடினால் அது கடலோட்டமா?" என்று கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீரைத்தான் ஒழுங்குபடுத்தினார்களே தவிர, காற்றை அல்ல. ஆழமில்லாத தண்ணீரில், கரை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, அந்த வேகத்தில் பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை நான் மதிக்கிறேன்.

2021 இல் பியோர்ன் டங்கர்பெக் என்ற இன்னொரு வீரர் லூடரிட்ஸிலேயே ஒரு கணம் மணிக்கு 103.67 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். பெரிய விஷயம்தான். ஆனாலும் என் மனதுக்கு அந்த 500 மீற்றர் சராசரிதான் பெரிது. நல்ல வீச்சுக் காற்று ஒன்று யாருக்கும் அகப்படலாம். தூரம் முழுக்க அதைக் கைவிடாமல் பிடித்திருப்பது வேறு. நீ ஒவ்வொரு முறையும் ஜிபிஎஸ் காட்டிய உச்சத்தை மட்டும் எழுதுகிறாய். இனிமேல் சராசரியையும் எழுது.

சரி, பாசிக்குடாவுக்கு வருகிறேன். ஆழமில்லாத குடா. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத் தண்ணீர் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும். அதை நினைத்துத்தான் நீ ஆசைப்படுகிறாய் என்று தெரிகிறது. தண்ணீரைத் தட்டையாக்குகிற அதே காற்றுத்தான் ஆளை வெளியே தள்ளுவதும். பாய்மரம் முறிந்தால், கையில் அடிபட்டால், நீந்தித் திரும்ப முடியாது. குடாவைத் தாண்டினால் வங்காள விரிகுடாதான். போர்ட்லண்டில் உன்னைத் தடுக்க அலைதடுப்புச் சுவர் இருக்கிறது. இங்கே ஒன்றும் இல்லை. போதாததற்குக் கரையில் நிற்கும் மரங்களும் ஹோட்டல்களும் காற்றை வெட்டிவெட்டி அனுப்பும்.

நான் யோசித்து வைத்திருப்பது நம்முடைய மட்டக்களப்பு வாவி. வவுணதீவுக்குத் தெற்கே, மேற்குப் பக்கத்துப் படுவான்கரையை ஒட்டி. அங்கே கரைக்குப் பின்னால் வயல்வெளி, காற்றை மறிக்க அதிகம் எதுவும் இல்லை. கரையை நெருங்கி ஓடினால் அலை எழும்பியிருக்காது. வாவி தென்கிழக்காகப் போவதால், சுத்த மேற்குக் காற்று அடிக்கும் நாளில் அந்தப் பக்கம் ஓடினால் காற்று உன் பின்தோளில் படும். நீங்கள் தேடுகிற கோணம் அதுதானே. ஏதும் முறிந்தாலும் காற்று உன்னை மெல்லக் கிழக்குப் பக்கத்து எழுவான்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நான் அந்தக் கரையில் ஒரு படகோடு நிற்பேன்.

லூடரிட்ஸ் காற்றை இங்கே எதிர்பார்க்காதே. கச்சான் பின்னேரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சாதனைக் காற்று இல்லை. அதனால் கொஞ்சம் பெரிய பாயாகக் கொண்டுவா. ஹெல்மெட்டும் நெஞ்சுக் கவசமும் இல்லாமல் இறங்க விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். அந்த வேகத்தில் தண்ணீரில் விழுந்தாலும் விலா எலும்பு முறியும்.

இன்னொன்று, பலகைக்கு அடியில் மீன் செட்டைபோல் நிற்கும் அடிச்செட்டை. அதன் முன்விளிம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் வேகத்தில் தண்ணீர் அதை ஒட்டி ஓடாது, பலகையின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். இத்தனை காலம் ஃபைபர் போட் திருத்தின கை இது. வந்ததும் என்னிடம் கொடு, மெல்லிய அரத்தாளை நனைத்துத் தேய்த்துத் தருகிறேன். வாவியில் பாசியும் இருக்கிறது, வலைத் தடிகளும் இருக்கின்றன. மீன்பிடிக்கிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் வலை போடாத துண்டில் மட்டும்தான் ஓட வேண்டும். அது அவர்களுடைய பிழைப்பு. கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

செட்டை எவ்வளவு நீளம் என்று அளந்து எழுது. நீ வருவதற்குள் தோணியில் போய் ஆழம் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா