அடியில் கொஞ்சம் விட்டுவிடு, தம்பி

திருவையாறு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். கல்லணை திறந்து நாலு நாளாகிறது. புஷ்ய மண்டபத் துறையில் புதுத்தண்ணி பழுப்பாகக் கலங்கி ஓடுகிறது. அதைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் காட்டிய பீர்தான் நினைவுக்கு வந்தது.

நீ பீர் செய்கிறாய் என்றதும் அம்மா பயந்துபோனாள். இங்கே வீட்டில் காய்ச்சினால் போலீஸ் வரும் என்பதுதான் அவளுக்குத் தெரியும். இங்கிலாந்தில் 1963-லிருந்தே சொந்தத்துக்குச் செய்ய லைசென்ஸ் வேண்டாம், விற்கத்தான் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். சமாதானமாகிவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாடிப்படிக்கு அடியிலிருந்து அந்த 20 லிட்டர் வாளியைத் தூக்கி வந்து மேடையில் வைத்தாய். வைத்த கையோடு, பீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றக் குழாயைப் போட்டாய். இரண்டு வாரமாகப் படிந்த ஈஸ்ட் அந்த ஒரு குலுக்கலில் கிளம்பிவிட்டது. செக்கிலிருந்து எண்ணெய் வந்தால், கசடு இறங்கும்வரை அம்மா தூக்குப் பக்கமே யாரையும் விடமாட்டாள், ஞாபகம் இருக்கிறதா? நீயும் முந்தின ராத்திரியே வாளியை மேடையில் ஏற்றிவிடு. அதற்கு முன்னால் இரண்டு நாள் நல்ல குளிரில் வைத்தால் ஈஸ்ட் இறுகிப் படியும்.

அப்புறம், வாயால் உறிஞ்சினாய் பார், அது எனக்குப் பொறுக்கவில்லை. பம்புசெட்டுக்கு டீசல் டிரம்மிலிருந்து நான் அப்படி இழுக்கப்போய், ஒரு மடக்கு உள்ளே போய், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உனக்கு ஆபத்து வேறு மாதிரி. வாயில் இருக்கும் கிருமி பீரைப் புளிக்க வைத்துவிடும். குழாய் முழுக்கக் கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பிக்கொள். கீழ்முனையை இறுக்கிப் பிடித்தபடி மேல்முனையை பீருக்குள் இறக்கு. கீழ்முனையை ஒரு டம்ளரில் விட்டுத் திற. தண்ணீர் போய் பீர் வந்ததும் பாத்திரத்துக்கு மாற்று. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு சைபன் பாடம் நடத்தியிருக்கிறேன். மேல் பாத்திரத்தில் இருக்கும் மட்டத்தைவிட கீழ்முனை தாழ இருந்தால் போதும், தானே ஓடும்.

அந்தக் கீழ்முனை பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், வந்து சேரும் பீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கட்டும். உயரத்திலிருந்து சளசளவென்று விழ விடாதே. காபியை டவராவில் நுரைக்க ஆற்றுகிறோமே, அந்த வேலை இங்கே ஆகாது. நொதித்து முடிந்த பீரில் காற்று கலந்தால் நாளாவட்டத்தில் நனைந்த அட்டை மாதிரி ருசி வரும். போன ஈடு அப்படித்தான் கெட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியில் வாளியைச் சாய்த்து அந்த ஒரு டம்ளரையும் இழுத்தாயே தம்பி, அது என் வளர்ப்பு. இலையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் உன்னைத் திட்டியிருக்கிறேன். இதில் மட்டும் அப்பா சொன்னதை விட்டுவிடு. குழாய்க்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இரு. தெளிவாக வருகிற பீருக்கு நடுவே நூல் மாதிரி ஒரு கலங்கல் ஓடிவரும். கண்ணில் பட்ட அந்த நொடியே குழாயைக் கிள்ளிப் பிடி. அரை லிட்டர், முக்கால் லிட்டர் நின்றால் நிற்கட்டும்.

புதுத்தண்ணியில் அம்மா செய்வதும் அதுதான். பானைக்குள் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து ராத்திரி ஊற்றி வைக்கிறாள். காலையில் மேலாக டம்ளரால் மொண்டு எடுக்கிறாள், பானையைச் சாய்ப்பதே இல்லை. அடியில் நிற்கும் வண்டல் முருங்கை மரத்துக்குப் போகிறது.

நீயும் உன் மண்டியைக் கொட்டிவிடாதே. சுத்தமான ஜாடியில் எடுத்து, மூடியை இறுக்காமல் பிரிட்ஜில் வை. சீக்கிரமே அடுத்த ஈடு போட்டால், தயிருக்கு உறை மாதிரி அதுவே உதவும்.

அடுத்த தடவை குழாய் போடும்போது போன் பண்ணு. இங்கே ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, நான் முழித்திருப்பேன்.

அப்பா